வெளி நிறுத்தம்

தாவோலாயில் நவம்பர் ஒன்பதாம் தேதி வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். பிப்ரவரி மூன்றாம் தேதிதான் திரும்பி வரும். இடையில் இருக்கும் எண்பத்தாறு நாளும் ஏரிக்கு அந்தப் பக்கம் பிரதைலின் கூரைகள் மேல் வெயில் அடிப்பதை இந்தப் பக்கம் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம். முன்பெல்லாம் அப்படிப் பார்க்க ஏழு வீட்டு ஜனம் இருந்தது. இப்போது குளிர்காலத்தில் மெஞ்சா ஒருத்திதான். மற்ற வீடுகளுக்குக் கோடையில் மட்டும் ஆள் வரும். அவர்கள் இலையுதிர் காலத்தில் ஜன்னல் பலகைகளைச் சாத்திவிட்டு, "பாத்துக்கோ மெஞ்சா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எதைப் பார்த்துக்கொள்வது என்று அவளும் கேட்டதில்லை.

அந்த ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடிதம் வந்தது. தாவோலாய்க்குத் தபால் வாரத்தில் மூன்று நாள்தான். உறையில் முகவரி தட்டச்சில் இருந்ததால் ஊராட்சி அலுவலகத்திலிருந்து வந்திருக்கும், குப்பை வரியோ ஆட்டுக் கணக்கெடுப்போ என்று நினைத்துக் கத்தியால் கிழித்துவிட்டாள். உள்ளே இருந்தது தங்கையின் கையெழுத்து.

செரைனா ஏற்கெனவே இரண்டு முறை எழுதியிருந்தாள். இரண்டையும் மெஞ்சா பிரிக்காமலே திருப்பி அனுப்பியிருந்தாள். அப்பாவின் அடக்கத்துக்குச் செரைனா வரவில்லை. ஏன் வரவில்லை என்று மெஞ்சா கேட்கவும் இல்லை. அதற்கு ஒன்பது வருஷம் ஆகிறது. இந்த முறை முகவரியைத் தட்டச்சு செய்தவளுக்கு அக்காவைப் பற்றி நன்றாகவே தெரிந்திருக்கிறது.

கடிதம் சின்னது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் கணவனின் அத்தைக்குச் சனிக்கிழமை காலை அடக்கம். முடிந்ததும் கொழுந்தன் காரில் கொண்டுவந்து விடுவார். "ரெண்டு மணியிலேர்ந்து நாலு மணி பஸ் வரைக்கும் வெளி நிறுத்தத்துல இருப்பேன். வீட்டுக்கு வர எனக்குத் தைரியம் இல்லை. நீ வந்தா பேசலாம். வரலைன்னா புரிஞ்சுக்கிறேன், இனிமே எழுதித் தொந்தரவு பண்ண மாட்டேன்."

மெஞ்சா அதை அடுப்படியில் நின்றபடி ஒரு தடவை படித்தாள். உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தாள். போவதா வேண்டாமா என்ற கேள்வி அவளுக்குள் எழவே இல்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. எழுந்த கேள்வி வேறு. வெளி நிறுத்தம் என்றால் எது?

அந்தப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் 'உள்ளே' என்றால் ஆறு வரும் திசை, மலையின் மூலை. 'வெளியே' என்றால் ஆறு போகும் திசை, பெரிய ரோடு, ரயில், நகரம். உப்பு வாங்கப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் உள்ளே போகிறேன், வெளியே போகிறேன் என்றுதான் சொல்வார்கள். கிழக்கும் மேற்கும் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. தாவோலாய்க்காரர்களுக்கு மட்டும் இது தலைகீழ். ஏரியின் வெளி முனைக்குப் போக அவர்கள் கரையில் ரொம்ப காலம் பாதையே கிடையாது, செங்குத்துப் பாறை. கோயிலோ கடையோ பள்ளிக்கூடமோ எதற்கானாலும் ஏரியின் உள் முனையில் இருக்கும் பிரதைலுக்குத்தான் போக வேண்டும். வீட்டை விட்டு வெளியே போவது அந்தத் திசையில்தான் என்பதால் அதுவே அவர்களுக்கு 'வெளி' ஆகிவிட்டது. பிறகு பாறையை வெட்டிப் பாதை போட்டார்கள். பேச்சு மாறவில்லை.

பள்ளிக்கூடத்தில் இதற்காகவே தாவோலாய்ப் பிள்ளைகளுக்குத் தலைகீழ்க்காரங்க என்று பெயர். மெஞ்சா அதைக் கண்டுகொள்ள மாட்டாள். செரைனா அழுவாள். இரண்டாம் வகுப்பிலேயே ஊர்ப் பேச்சை விட்டுவிட்டு மற்றவர்கள் மாதிரி சொல்லக் கற்றுக்கொண்டாள். "உள்ளேன்னு சொல்லு அக்கா, எல்லாரும் சிரிக்கிறாங்க" என்று மெஞ்சாவின் பாவாடையைப் பிடித்து இழுப்பாள்.

ஏரியைச் சுற்றி இருந்த மூன்று ஊர்களையும் ஒரே ஊராட்சியாகச் சேர்த்தபோது பஸ் நிறுத்தங்களுக்குப் பலகை வைத்தார்கள். ஆறு ஏரியை விட்டுப் போகும் இடத்தில், பூந்த் பாலத்துக்குப் பக்கத்தில் 'ஏரி – வெளி'. பிரதைல் கோயிலுக்கு எதிரே, பஸ் திரும்பும் இடத்தில் 'ஏரி – உள்'. தாவோலாயிலிருந்து இரண்டுக்கும் ஐம்பது நிமிஷம். ஒன்று வலது கைப் பக்கம், ஒன்று இடது கைப் பக்கம்.

சாயங்காலம் பால் கறக்கும்போது மெஞ்சா இதையே உருட்டிக்கொண்டிருந்தாள். பெரிய ஆட்டிடம் சொல்லியும் பார்த்தாள். "நம்ம வெளியா, அவங்க வெளியா?" ஆடு வைக்கோலைப் பார்த்தது. தாவோலாய்ப் பேச்சைக் குளிர்காலத்தில் அவள் பேசுவதே இந்த இரண்டு ஆட்டிடம்தான். பிரதைல் கடையில் அவளும் பலகையில் இருக்கிற மாதிரிதான் சொல்வாள். விளக்கம் சொல்லி அலுத்துவிட்டது.

செரைனா இருபத்திரண்டு வருஷமாக நகரத்தில் இருக்கிறாள். ஏழு வயசிலேயே இந்தப் பேச்சுக்கு வெட்கப்பட்டவள். அவள் எழுதியது பலகையின் வெளியாகத்தான் இருக்கும். வேறு எப்படி இருக்க முடியும்? அப்படித் தீர்மானித்ததும் மெஞ்சாவுக்கு நிம்மதியும், நிம்மதிக்கு அடியில் லேசாக ஒரு கசப்பும் வந்தது. இவளுக்குக் கடைசியில் அவர்கள் பேச்சுதான் பேச்சு.

சனிக்கிழமை பன்னிரண்டேகாலுக்கே கிளம்பிவிட்டாள். கிளம்பும் முன் அடுப்பில் இரண்டு பெரிய பீச் கட்டைகளை வைத்துக் காற்றுத் துவாரத்தைக் கொஞ்சமாகத் திறந்து விட்டாள். மனம் மாறி வீட்டுக்கு வருகிறேன் என்று செரைனா சொன்னாலும் சொல்வாள். புது வருஷத்துக்குச் சுட்டதில் மீந்த பேரிக்காய் ரொட்டியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். பனியில் வழுக்காமலிருக்க இரும்புப் பற்களைப் பூட்சில் கட்டிக்கொண்டு ஏரிக்கரைப் பாதையில் நடந்தாள்.

ஏரி முழுக்க உறைந்திருந்தது. வெளி முனையில் மட்டும், தண்ணீர் வழிந்து போகிற இடத்தில், ஒரு கறுப்பு வாய் திறந்தே இருக்கும். அங்கே எந்தக் குளிரிலும் உறையாது. பாலத்தைத் தாண்டியதும் வெயில் முகத்தில் அடித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் நின்றாள். பிறகு மரக் கொட்டகைக்குள் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஒன்றேகால் ஆகியிருந்தது. சீக்கிரம் வந்தது நல்லது. என்ன பேசுவது என்று யோசிக்கலாம். முதலில் "வந்துட்டியா" என்று சொல்ல வேண்டும். அது நன்றாக இருக்கும், குத்தலாக இருக்காது. பிறகு ரொட்டியைக் கொடுக்க வேண்டும். பிறகு? அப்பாவைப் பற்றி அவளே எடுத்தால் பேசலாம்.

இரண்டு மணிக்கு யாரும் வரவில்லை. அடக்கம் என்றால் பின்னால் சாப்பாடு இருக்கும், நேரமாகும். இரண்டரை மணி வாக்கில் ஒரு கார் வந்தது. அவள் எழுந்து நின்றாள். கூரையில் பனிச்சறுக்குக் கட்டைகள் கட்டிய அந்தக் கார் நிற்காமல் போயிற்று. எழுந்தவள் உடனே உட்காராமல், காலை உதறுவதற்காக எழுந்தவள் போல நாலு எட்டு நடந்துவிட்டு உட்கார்ந்தாள். பார்க்கத்தான் ஆள் இல்லை.

மூன்று மணிக்கு வெயில் மலை முதுகுக்குப் பின்னால் போயிற்று. குளிர் பெஞ்சு வழியாக மேலே ஏறியது. செரைனா வராமல் போகலாம் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. கடிதம் எழுதிவிட்டால் வந்துதான் ஆகவேண்டுமா? காரில் ஏறியபின் மனம் மாறியிருக்கலாம். இரண்டு கடிதத்தைத் திருப்பி அனுப்பினவளைப் பார்க்க எதற்குப் போகவேண்டும் என்று கொழுந்தன் சொல்லியிருக்கலாம். சொன்னால் அதில் தப்பும் இல்லை.

மூன்றே காலுக்கு ரிஷ் வந்தான். ஊராட்சியின் பனி தள்ளும் வண்டியை ஓட்டுபவன், அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். வண்டியின் பின்னால் ஜல்லிப் பொடி சிதறிக்கொண்டே வந்தது. கொட்டகை முன் நிறுத்தி ஜன்னலை இறக்கினான்.

"என்ன மெஞ்சா, பஸ்ஸா? நாலு பத்துக்குத்தான் இங்க வரும். இப்பவே உறைஞ்சு போயிட்டா ஏத்தி வெக்க ரெண்டு ஆளு வேணும்."

"உன் வேலையப் பாரு."

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். இன்னைக்கு என்ன, தாவோலாய்க்காரங்க மாநாடா? அங்க கோயில்கிட்ட உங்க ஆளு ஒருத்தி ஒரு மணியிலேர்ந்து உட்காந்திருக்கா."

மெஞ்சா அவனைப் பார்த்தாள்.

"சாம்பல் நிறக் கோட்டு. எனக்கு அடையாளம் தெரியல. யாருக்கும்மா காத்திருக்கேன்னு கேட்டேன். அக்கா வெளியே வருவா, அதுக்குத்தான்னாங்க. வெளின்னா பாலத்துப் பக்கம்மா, இது உள்ளேன்னேன். அதுக்கு ஒரு முறை முறைச்சாங்க பாரு. 'உங்களுக்கு உள்ளே, எங்களுக்கு இதுதான் வெளி'ன்னாங்க. அப்பத்தான் புரிஞ்சது, ஆஹா தலைகீழ்னு. வண்டியை எடுத்தவன் இங்க வர வரைக்கும் சிரிச்சுக்கிட்டே…" அவன் நிறுத்திக்கொண்டான். "ஏய். அந்த அக்கா நீயா?"

அவள் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ரிஷ், என்னைக் கொண்டு விடு."

"எப்படிம்மா விடுவேன்? கீழ இறக்கத்துல கண்ணாடி மாதிரி இருக்கு. ஜல்லி போடாம இருந்தா குர்தினோட பஸ்சு ஆத்துலதான் கிடக்கும். சுரங்கப்பாதை தாண்டித்தான் வண்டியத் திருப்பவே முடியும்." அவன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "நட. வேகமா நட. நாலு கிலோமீட்டர்தானே."

நாலு கிலோமீட்டர், நாற்பது நிமிஷம், பனி. அவள் நடக்கவில்லை, ஓடினாள். நாற்பத்தாறு வயசில், கம்பளிப் பாவாடையோடு, காலில் இரும்புப் பல்லோடு. அவன் ஜல்லி போட்டிருந்த ரோட்டில் ஒவ்வொரு அடிக்கும் பல் கிறீச்சிட்டது. கொஞ்ச தூரத்தில் மூச்சு வாங்கியது. நின்று பற்களை அவிழ்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டு மறுபடி ஓடினாள். ஏரிக்கு அந்தக் கரையில் தாவோலாய் தெரிந்தது. ஏழு கூரை, ஒன்றில் மட்டும் புகை. அங்கே யாரோ இருப்பது போலத்தான் இருந்தது.

எங்களுக்கு இதுதான் வெளி. எங்களுக்கு என்று சொல்லியிருக்கிறாள், ரிஷிடம், நடு ரோட்டில்.

முக்கால் வழியில் பனிச்சரிவு வரும் இடம். முன்னும் பின்னும் சிவப்புக் கம்பங்கள் இருக்கும். அவற்றுக்கு நடுவில் எந்த வண்டியும் நிற்கக் கூடாது. அங்கே போகும்போது மணி நாலு ஆகியிருக்க வேண்டும், ஏனென்றால் எதிரே வளைவில் பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. மெஞ்சா ரோட்டின் நடுவுக்குப் போய் இரண்டு கையையும் தூக்கினாள். பஸ் ஹாரன் அடித்தது. அவள் நகரவில்லை. பஸ் வேகத்தைக் குறைத்து, கடைசியில் அவளை ஒதுங்க வைத்துவிட்டு நிற்காமல் உரசினாற்போலப் போயிற்று. ஜன்னலில் சாம்பல் நிறக் கோட்டும் ஒரு முகமும் கடந்தன. அப்பாவின் மூக்கு. அந்த முகம் அவளைப் பார்த்ததா என்று தெரியவில்லை.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். பஸ் சிவப்புக் கம்பத்தைத் தாண்டியது, பத்தடி போனது, நின்றது. கதவு திறந்தது.

அவள் ஓடி வந்து படியில் கால் வைத்தபோது ஓட்டுநர் குர்தின் கோபமாகத்தான் இருந்தான். "மேல பனி தொங்குது, நீ கீழ நின்னு கும்மி அடிக்கிறே. செத்துத் தொலைக்கிறதுன்னா வேற ரூட்டுல போய் செத்துத் தொலை மெஞ்சா. எதுவரைக்கும்?"

"பூந்த்."

"அங்கேருந்துதானே ஓடி வரே?"

"பூந்த்" என்றாள் மறுபடியும். அவன் டிக்கெட் கிழிக்காமல் கையை ஆட்டிவிட்டான்.

பஸ்ஸில் வேறு யாரும் இல்லை. செரைனா எழுந்து நின்றிருந்தாள். தலைமுடி பாதி நரைத்திருந்தது. "வந்துட்டியா" என்று சொல்ல வைத்திருந்ததை மெஞ்சாவால் சொல்ல முடியவில்லை, மூச்சு இல்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"நீ பூந்த்லயா நின்னே?" என்றாள் செரைனா.

"ஒண்ணேகால்லேர்ந்து."

"அங்க ஏன் போய் நின்னே? வெளின்னுதானே எழுதினேன்."

"அங்க பலகை இருக்கு. ஏரி – வெளின்னு."

"பலகையா?"

"நீ பலகைப்படி எழுதியிருப்பேன்னு நெனச்சேன்."

செரைனா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "பலகைப்படி எதுக்கு எழுதுவேன்? உனக்குத்தானே அக்கா எழுதினேன்."

மெஞ்சா கையுறையைக் கழற்றினாள். மறுபடி மாட்டிக்கொண்டாள். பஸ் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் ஏரி பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

"கோயில் சுவர்ல உட்காந்து நம்ம வீட்டையே பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள் செரைனா. "புகை வந்துக்கிட்டே இருந்துச்சு. அடுப்பு எரியுது, ஆளு வீட்லதான் இருக்கா, வர மனசில்லைன்னு நெனச்சேன். மூணரைக்கு மேல பாக்கல. திரும்பி உட்காந்துட்டேன்."

"நீ வந்தா வீடு குளிரா இருக்கக் கூடாதேன்னு ரெண்டு கட்டை போட்டுட்டு வந்தேன்டீ."

செரைனா மூக்கைச் சிந்தினாள். குர்தின் கண்ணாடியில் பார்த்தான், பிறகு ரோட்டைப் பார்த்தான்.

மெஞ்சா பையிலிருந்து ரொட்டியை எடுத்துத் துணியோடு தங்கையின் மடியில் வைத்தாள். "கொஞ்சம் காஞ்சிருக்கும். சூடு பண்ணிச் சாப்பிடு."

"ஆடு இருக்கா?"

"ரெண்டு. அஞ்சு மணிக்குக் கறக்கணும். இல்லேன்னா ரயிலடி வரைக்கும் வருவேன்."

"வேண்டாம். திரும்பி வர உனக்கு பஸ் கிடையாது. எனக்கும் காலையில வேலை. ஞாயித்துக்கிழமைதான் சலவைக்கு ஆஸ்பத்திரித் துணி அதிகமா வரும்." செரைனா ஜன்னல் வழியாக நிழல் கரையைப் பார்த்தாள். "இன்னும் பதினேழு நாள்."

எதற்குப் பதினேழு நாள் என்று மெஞ்சா கேட்க வேண்டியிருக்கவில்லை. நகரத்தில் வருஷம் முழுக்க வெயில் வரும் வீட்டில் இருந்துகொண்டு இவள் இந்தக் கணக்கைச் சொல்கிறாள்.

"மூணாம் தேதி என்ன கிழமை?" என்றாள் செரைனா.

"செவ்வாய்."

"செவ்வாய்க்கு விட மாட்டாங்க." அவள் யோசித்தாள். "அந்த வாரம் ஞாயித்துக்கிழமை வேற ஆளு மாத்திவிட முடியுமான்னு கேக்கறேன். எட்டாம் தேதி. நீ எந்த நிறுத்தத்துலயும் வந்து நிக்காதே. வீட்லயே இரு. நானே வரேன்."

"பாதை வழுக்கும்."

"எனக்குத் தெரியாத பாதையா?"

"இருபத்திரண்டு வருஷம் ஆச்சுடீ."

"பூந்த்" என்றான் குர்தின். கதவு திறந்தது. அவன் இஞ்சினை நிறுத்தவில்லை. ஆனால் தேவைக்கு மேல் கொஞ்சம் நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். அதற்குள் மெஞ்சா எழுந்தாள், செரைனாவும் எழுந்தாள், இடுக்கில் இருவரும் தடுமாறி, ஒருத்தி தோளில் ஒருத்தியின் முகம் இடித்தது. அவ்வளவுதான். பிறகு மெஞ்சா கீழே நின்றாள், பஸ் இறக்கத்தில் ரிஷ் போட்ட ஜல்லி மேல் உருண்டு போயிற்று. சுரங்கம் அதன் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டது.

மெஞ்சா இரும்புப் பற்களைத் தேடி எடுத்துக் கட்டினாள். விரல் மரத்துப் போயிருந்ததால் நேரமாயிற்று. பாலத்தைத் தாண்டி நிழல் பக்கத்துக்குள் நடந்தாள். இன்னும் முழுதாக இருட்டவில்லை, பனி கொஞ்சம் வெளிச்சத்தை வைத்துக்கொண்டிருந்தது. ஆடுகள் இப்போதே கத்த ஆரம்பித்திருக்கும்.

ஆள் மாற்றிவிட யாரும் சம்மதிக்காமல் போகலாம். ஆஸ்பத்திரியில் துணி எப்போதும் இருக்கும். ஆறு நிமிஷப் பஸ்ஸில் சொன்னது நகரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் கரைந்தும் போகலாம். இதையெல்லாம் அவள் நினைத்துக்கொண்டேதான் நடந்தாள். இருந்தாலும் கண் பாதையைப் பார்த்துக்கொண்டே வந்தது. பாறைக்குக் கீழே தண்ணீர் கசிந்து உறைந்த இடத்தில் படி வெட்ட வேண்டும். நகரத்துச் செருப்போடு வருவாள். வழுக்காமலிருக்க வளைவு முழுக்கச் சாம்பல் தூவ வேண்டும். மூன்று வாரம் இருக்கிறது, அடுப்புச் சாம்பலைக் கொட்டாமல் சேர்த்தால் போதும்.

பாதி தூரம் வந்த பிறகுதான் உறைத்தது. எந்தப் பக்கமிருந்து நடந்து வருவாள் என்று கேட்கவில்லை. பூந்தில் இறங்கி இப்படியும் வரலாம், பிரதைலில் இறங்கி அப்படியும் வரலாம்.

மெஞ்சா நின்று முன்னே பார்த்தாள், திரும்பிப் பின்னே பார்த்தாள். ஒரு அடுப்புச் சாம்பல் இரண்டு பக்கத்துக்கும் காணாது. சாத்திக் கிடக்கும் ஆறு வீடுகளிலும் போன வருஷத்துச் சாம்பல் இருக்கும். சாவிகள் எல்லாம் அவளிடம்தான் இருந்தன.